டேப் முடிந்த இடம்

எங்கள் வாலிப காலம் சரித்திரப் படமாகிவிட்டது. நாங்கள் பள்ளிக்கூடம் போன தெருவை, பாங்காக்குக்கு வெளியே எங்கேயோ பலகையும் சாயமும் கொண்டு கட்டி, அதில் ஒரு பழைய பஸ்ஸை ஓடவிட்டுப் படம் எடுத்திருக்கிறார்கள். படத்தை நான் பார்க்கவில்லை. இந்த ஊர்க் கொட்டகைகளுக்கு அது வரப்போவதும் இல்லை. ஆனால் படத்தின் பாட்டு ஆல்பம் வந்துவிட்டது. அதற்குக் கொட்டகையும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்துக் கைபேசியில் இறக்கிக்கொண்டால் போதும்.

ஆல்பத்தில் பெரும்பாலும் பழைய ராக் பாட்டுகள். வெளிநாட்டுக் குழுக்கள் பாடியவை. அந்த நாளில் கப்பல்காரர்கள் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்த கேசட்டுகளில் நாங்கள் கேட்டவை. இப்போது உலகமே அவற்றைக் 'கிளாசிக்' என்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே எழுதியவர், இசையமைத்தவர், உரிமையாளர் என்று பொடி எழுத்தில் பெயர்கள். கடைசியில் ஒரு சிறிய கிட்டார் இசை. வார்த்தை இல்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது வருவதாம். அதற்குக் கீழே, இசையமைத்தவர் என்ற இடத்தில், ஒரே ஒரு சொல்: 'ட்ரடிஷனல்'. அதாவது மரபு. அதாவது யாரும் செய்யவில்லை, தானாக முளைத்தது.

அது தானாக முளைக்கவில்லை. அதைச் செய்தவர் என் அண்ணன். இதே யாங்கோனில், தாமுவேப் பேட்டையில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இன்று காலை மாடியில் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். மரபு என்று சொல்லும் அளவுக்கு அவருக்கு வயதாகவில்லை.

நான் நாட்குறிப்பு எழுதும் பழக்கமுள்ளவள். கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எழுதி வருகிறேன். மழை, மின்சாரம், வந்தவர், போனவர் எல்லாம் இருக்கும். ஆனால் அண்ணன் அந்த இசையைச் செய்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பெண். அப்போது எழுதவில்லை. தேவையான ஒரு நாளைத் தவிர மற்ற எல்லா நாளும் என்னிடம் இருக்கின்றன. அதனால் இங்கே கண்ணால் கண்டதைக் கண்டது என்றும், பிறர் சொல்லிக் கேட்டதைக் கேட்டது என்றும் பிரித்தே சொல்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். பர்மாவில் 'காப்பி தச்சின்' என்று ஒரு வகைப் பாட்டு உண்டு. மெட்டு வெளிநாட்டுக்காரனுடையது, வார்த்தை பர்மியம். கப்பலில் வரும் கேசட்டைக் கேட்டு, ஸ்டுடியோவில் ஒரு குழு அந்த இசையை அச்சு மாறாமல் வாசிக்கும். அதன்மேல் பாடகர் பர்மிய வரிகளைப் பாடுவார். மூலப் பாட்டு ஊருக்குள் யாருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் இதுதான். எங்கள் தலைமுறை காதலித்ததும் கல்யாணம் செய்ததும் இந்தப் பாட்டுகளை வைத்துக்கொண்டுதான்.

அண்ணன் அப்படி ஒரு ஸ்டுடியோக் குழுவில் கிட்டார் வாசித்தார். மிஷன் பள்ளியில் படித்தவர். அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. மகனும் குமாஸ்தாவாகத்தான் வேண்டும் என்று அப்பா நினைத்தார். அண்ணன் பகலில் குமாஸ்தாவாகவும் சாயங்காலத்தில் கிட்டார்காரராகவும் இருந்து அப்பாவைச் சமாதானப்படுத்தினார்.

அந்தத் தொழிலில் ஒரே ஒரு கேள்விதான் உண்டு. வாசித்து முடித்ததும் ஸ்டுடியோ முதலாளி கேட்பார்: "டேப்பில இருக்கிற மாதிரியே இருக்கா?" பதில்: "அப்படியே இருக்கு, ஸயா." ஸயா என்றால் ஐயா. அப்படியே வாசிக்கிறவனுக்கு அடுத்த பதிவுக்கு ஆள் வரும். இங்கே கொஞ்சம் அழகாக்கினேன், அங்கே கொஞ்சம் கூட்டினேன் என்று சொல்கிறவனை மறுபடி கூப்பிட மாட்டார்கள். கூட்டினால் அது கெட்டுப்போன காப்பி. கைக்காரன் என்றால் தன் கை தெரியாமல் வாசிக்க வேண்டும். அண்ணன் அதில் பெயர் எடுத்தவர். குழுவில் அவரை 'மெஷின்' என்றார்கள். அதைப் பாராட்டு என்றே அவர் வைத்திருந்தார்.

அந்த வருஷம் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள தன்லியின் ஊர்க்காரர் ஒருவர் கப்பலிலிருந்து ஒரு கேசட் கொண்டுவந்தார். சிங்கப்பூரில் யாரோ ஒரு ரெக்கார்டிலிருந்து பதிந்து கொடுத்தது. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டைப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்குள் கொண்டுவர வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அண்ணன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் உட்கார்ந்து கேட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் வேலை டேப்பைப் பின்னால் சுற்றுவது. மெஷினில் சுற்றினால் பேட்டரி தீர்ந்துவிடும். அதனால் கேசட்டை வெளியே எடுத்து, அதன் சக்கரப் பல்லில் பேனாவைக் கொடுத்துச் சுழற்றுவேன். அண்ணன் விரலைத் தூக்கினால் நிறுத்தவேண்டும். ஒரு வரியைப் பிடிக்க எத்தனையோ தடவை சுற்றியிருக்கிறேன். எந்த இடத்தில் எவ்வளவு நாடா இருக்கும் என்பது என் விரலுக்குத் தெரியும்.

அந்தப் பாட்டு முடியவில்லை. வார்த்தைகள் தீர்ந்து கிட்டார் தனியாக ஏறத் தொடங்கிய இடத்தில் 'டக்' என்று டேப் நின்றுவிட்டது. பதிந்தவன் கணக்குப் பார்க்கவில்லை. நாடா தீர்ந்துவிட்டது. நான் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நுனியில் இருக்கும் வெள்ளைத் துண்டு தெரிந்தது.

"அண்ணே, இதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

"மறுபக்கம் பாரு பாப்பா."

"மறுபக்கம் வேற பாட்டு."

அண்ணன் கேசட்டை வாங்கித் தாமும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லா இருக்கே. சமைச்சுப் போட்டவன் சாப்பிட உட்காரும்போது இலையை எடுத்துட்டான்" என்றார்.

முடிவில்லாத பாட்டைக் கொண்டுபோக முடியாது. வேறொரு கேசட்டைத் தேட நேரமில்லை. அண்ணன் தாமே ஒரு முடிவைச் செய்ய உட்கார்ந்தார். அப்போது இன்னொரு கோளாறும் சேர்ந்துகொண்டது. கிட்டாரின் முதல் கம்பி அறுந்துபோயிருந்தது. எல்லாவற்றிலும் மெல்லிய கம்பி அதுதான், உயரமான சுரங்கள் அதில்தான் இருக்கின்றன. ஊரில் கம்பி கிடையாது. சைக்கிள் பிரேக் கம்பியிலிருந்து ஓர் இழையை உருவி மாட்டிப் பார்த்தார். அதுவும் அறுந்து அவர் கன்னத்தைக் கீறியது. சரி என்று மிச்சமிருந்த ஐந்து கம்பியோடு செய்தார். அதனால்தான் அந்த இசை அப்படி இருக்கிறது. ஏறி ஏறி வரும். மேலே போயே ஆகவேண்டிய இடத்துக்கு வந்ததும், மேலே கம்பி இல்லாமல், கீழே இறங்கிவிடும். மூன்று தடவை ஏறும், மூன்று தடவையும் இறங்கும். மாடிப்படி ஏறி வந்தவன் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவது மாதிரி.

பதிவு நாளில் முதலாளி எங்கிருந்தோ ஒரு முதல் கம்பி தேடிக் கொண்டுவந்து கொடுத்தார் என்று அண்ணன் சொன்னார். இது கேட்டது. கம்பி கிடைத்தும் முடிவை மாற்றவில்லையாம். ஏன் என்று கேட்டேன். "மேல போய்ப் பார்த்தேன் பாப்பா. மத்த பாட்டு மாதிரி ஆயிடுச்சு. இறங்குறதுதான் நல்லா இருக்கு" என்றார். அவர் தம் வாசிப்பில் எதையாவது நன்றாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

முதலாளி வழக்கமான கேள்வியைக் கேட்டாராம். "டேப்பில இருக்கிற மாதிரியே இருக்கா?"

"அப்படியே இருக்கு, ஸயா."

அந்தத் திருவிழாவில் ஊர் முழுவதும் அந்தப் பாட்டுதான். தண்ணீர் ஊற்றும் பந்தல்களில், லப்பெயே என்னும் பால்தேநீர் குடிக்கும் கடைகளில், பஸ்ஸில். பாட்டின் வரிகளை மறந்தவர்கள்கூட அந்த முடிவை மறக்கவில்லை. வாயாலேயே கிட்டார் மாதிரிப் பாடிக் காட்டுவார்கள். கைகளால் இறங்கும் இடத்தைக் காட்டுவார்கள். அடுத்த தெருவில் யாராவது சீட்டியடித்துப் போனால் அண்ணன் என்னைப் பார்ப்பார். நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். அது வெளியே சொல்லக்கூடாத விஷயம்.

ரொம்ப வருஷம் கழித்து, இணையம் வந்தபிறகு, மூலப் பாட்டைக் கேட்டோம். அதில் முடிவே இல்லை. கிட்டார் ஏறிக்கொண்டே போய், சத்தம் குறைந்து, தேய்ந்து மறைகிறது. அண்ணன் சிரித்தார். "அவனுக்கும் முடிக்கத் தெரியல பாரு" என்றார்.

போன மழைக்காலத்தில் ஒரு பெண் வந்தாள். பர்மியப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். படத்தின் இசைப் பிரிவில் வேலை. பாங்காக்கில் இருக்கிறாள், தாயைப் பார்க்க யாங்கோன் வந்தவள் விசாரித்து விசாரித்து அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். கையில் கேக் பெட்டி. நான் அன்று அங்கேதான் இருந்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்தால் தின்கன்ஜூனுக்கு, என் வீட்டுக்குப் போகாமல் அண்ணியிடம் சாப்பிட்டுவிட்டுப் போவது வழக்கம். பேச்செல்லாம் பர்மியத்தில் நடந்தது. நான் தமிழில் எழுதுகிறேன்.

"ஊலே" என்றாள். பர்மியர் மாமாவைக் கூப்பிடுவது போல. "மூலப் பாட்டுக்கு நாங்கள் உரிமை வாங்கிவிட்டோம். ஆனால் இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் மூலத்தில் இல்லாத ஒரு முடிவைத்தான் பாடிக் காட்டுகிறார்கள். எங்கள் இயக்குநருக்கு அதுதான் வேண்டும். படத்தின் கடைசியில் தனியாக வரும். பழைய கேசட்டில் கிட்டார் வாசித்தது நீங்கள் என்றார்கள். இந்த முடிவைச் செய்ததும் நீங்கள்தானா? அப்படியானால் பெயர் போடவேண்டும். கையெழுத்து வேண்டும்."

எந்தக் குற்றமும் இல்லாத கேள்வி. ஆனால் எங்கள் ஊரில், முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, 'இதைச் செய்தது நீங்கள்தானா, கையெழுத்துப் போடுங்கள்' என்று கேட்டால், யாரும் ஆமாம் என்று சொல்வதில்லை. எங்களுக்கு அது தாய்ப்பாலோடு வந்த பாடம். சொல் நாக்குக்கு வருவதற்கு முன்பே தலை ஆடிவிடும். இந்தப் பயத்தோடு, வாழ்நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய ஒரு சொல்லும் சேர்ந்துகொண்டது.

"இல்லம்மா" என்றார் அண்ணன். "டேப்பில் இருந்தது. அப்படியே வாசித்தேன்."

நான் தமிழில், "அண்ணே, டேப் அங்கே முடிஞ்சு போச்சு. நான்தானே சுத்துனேன்?" என்றேன்.

"நீ சும்மா இரு."

அந்தப் பெண் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். "அவர் என்ன சொல்கிறார்?"

"கேக் நன்றாக இருக்கிறதாம்" என்றார் அண்ணன்.

கேக் பெட்டி இன்னும் பிரிக்கப்படவில்லை. அவள் அதைக் கவனித்தாள் என்றே நினைக்கிறேன். எழுந்திருக்கும்போது, "ஏறவேண்டிய இடத்தில் ஏன் இறங்குகிறது என்று எங்கள் ஆட்கள் ஆச்சரியப்படுகிறார்கள், ஊலே. பர்மிய மனத்தின் சோகம் என்கிறார் இயக்குநர்" என்று சொல்லித் தன் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் படியிறங்கும் சத்தம் ஓய்வதற்குள் அண்ணி ஆரம்பித்துவிட்டார்.

"வாசல் தேடி வந்து கேட்குது பொண்ணு. வாய் திறந்து ஆமான்னு சொன்னா முத்து உதிர்ந்திடுமா? கல்யாணமான நாளா உங்க கிட்டாரைத் துடைச்சு வைக்கிறேன். ஒரு நாள் இது என் புருஷன் போட்ட பாட்டுன்னு சொல்ல முடிஞ்சதா எனக்கு?"

"கையெழுத்துக் கேட்கிறாடி."

"கேட்டா? தலையா வாங்கிடுவாங்க? பர்மிய மனத்தின் சோகமாம். தமிழன் வீட்டுக் கிட்டார்ல கம்பி இல்லாத சோகம்னு சொல்லியிருக்கணும்."

நான் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அன்று நான் கிளம்பும்போது கீழ்வாசல்வரை கூடவே வந்தார். குடையை என் கையில் கொடுத்துவிட்டு, "பேரு போடுவாங்கன்னாளா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே."

"ஆல்பத்திலயா, படத்திலயா?"

"ரெண்டிலயும்."

"முழுப் பேரா?"

அறுபதைத் தாண்டிய மனுஷர். ஊரே பாடிய பாட்டுகள், கேசட்டுக்குக் கேசட், அத்தனையிலும் வாசித்திருக்கிறார். ஒரு அட்டையிலும் அவர் பெயர் வந்ததில்லை. பாடகர் படம் இருக்கும், முதலாளியின் கடை முகவரி இருக்கும். தம் பெயரை அச்சில் பார்க்க வேண்டும் என்று அவர் ஆசைப்படுகிறார் என்பதே எனக்கு அந்தக் குடைக்குக் கீழேதான் தெரிந்தது.

அந்த வாரமே அவளைக் கூப்பிட்டார். பயந்துவிட்டேன், நான்தான் செய்தேன் என்று சொன்னார். அவள் சந்தோஷப்பட்டாள். ஆனால் முதலில் இல்லை என்றதை அவள் ஏற்கெனவே மேலே தெரிவித்துவிட்டாள். இப்போது ஆமாம் என்றால் வக்கீல்கள் ஒப்ப வேண்டும், வேறொருவர் உறுதி சொல்ல வேண்டும் என்றாள். நான் சொல்கிறேன் என்றேன். தங்கை சொல்வது செல்லாதாம். குழுவில் இருந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். டிரம் வாசித்தவர் எங்கே என்று தெரியாது. மிச்சம் பாடகர்.

பாடகர் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். இன்னும் முடிக்குச் சாயம் போடுகிறார். தர்ம காரியக் கூட்டங்களில் பழைய பாட்டுகளைப் பாடுகிறார். நானும் அண்ணனும் போனோம். அண்ணனைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"வாடா கலா! செத்துட்டேன்னு நினைச்சேன்!"

'கலா' என்பது எங்கள் மாதிரி இந்தியக் கறுப்பர்களுக்கு இந்த ஊர் வைத்திருக்கும் பெயர். அவர் அதை அன்பாகத்தான் சொல்கிறார். வாலிபத்திலிருந்து அன்பாகத்தான் சொல்லி வருகிறார். அண்ணனும் வாலிபத்திலிருந்து சிரித்துத்தான் வருகிறார்.

அண்ணன் விஷயத்தைச் சொன்னார். டேப் பாதியில் நின்றது, முடிவை வீட்டில் செய்தது, முதலாளியிடம் சொல்லாதது எல்லாவற்றையும் சொன்னார். பாடகர் முழுவதும் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நீயா? நீ செஞ்சியா? டேய், சமையல்காரி உப்பு மாத்திப் போட்டாலே தாங்காத ஆளு நீ. ஒரு சுரம் மாத்த மாட்டே. எத்தனை தடவை என்னைத் திட்டியிருக்கே? அந்த இடத்துல மூச்சு விடாதே, டேப்பில விடலன்னு. இப்ப ஊர்ல எல்லாருக்கும் இது ஒரு வியாதி. அந்தப் பாட்டு நான் போட்டது, இந்தப் பாட்டு நான் போட்டதுன்னு. நீயுமாடா?"

"டேப்பை நீ முழுசாக் கேட்டியா?" என்றார் அண்ணன்.

"எனக்கு வார்த்தை முடியிற இடத்துல வேலை முடிஞ்சது. அதுக்கு மேல எதுக்குக் கேட்கணும்? நீதான் கேட்டே. கேட்டுட்டு வந்து அப்படியே இருக்குன்னு சொன்னே. என் காதாலே கேட்டேன். சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்."

"அப்புறம்?"

 நான் சொன்னேன். அந்த நாடாவை நான் சுற்றினேன், வெள்ளைத் துண்டைக் கண்ணால் பார்த்தேன் என்றேன். பாடகர் என் தலையில் கை வைத்தார். எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. "அண்ணன்மேல உனக்கு எவ்வளவு பாசம்" என்றார்.

அதோடு விடவில்லை. உதவி செய்கிறேன் என்று எண்ணை வாங்கி அங்கேயே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டார். சத்தத்தைக் கூட்டி எங்களுக்கும் கேட்க வைத்தார். "மகளே, இவனைப் பற்றி நான் சொல்கிறேன், எழுதிக்கொள். இந்த நாட்டிலேயே இவனைப் போல் காப்பி அடிக்கிறவன் பிறந்ததில்லை. அப்படியே வாசிப்பான். ஒரு அணு கூட்டமாட்டான், ஒரு அணு குறைக்கமாட்டான். நாங்கள் இவனை மெஷின் என்போம். இவன் வாசித்தால் அது டேப்பில் இருந்தது என்று அர்த்தம். கடவுள்மேல் ஆணை." கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு. அவர் பொய் சொல்லவில்லை. தமக்குத் தெரிந்த உண்மையைச் சொல்லித் தம் சிநேகிதனைப் பெருமைப்படுத்தினார். அண்ணன் தரையைப் பார்த்தபடி இருந்தார். தேநீர் வந்தது. குடித்தோம்.

வழியில், "அவர் சொன்னது தப்புன்னு அங்கயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"எப்படிச் சொல்றது பாப்பா? அவன் என்னைப் புகழ்ந்தான்."

கடைசியாக ஒரு முயற்சி செய்தோம். இது என் யோசனை. அண்ணன் முதல் கம்பியைக் கழற்றிவிட்டு ஐந்து கம்பியோடு அந்த முடிவை வாசிக்கட்டும், ஏன் இறங்குகிறது என்று சொல்லட்டும், கைபேசியில் படம் எடுத்து அனுப்புவோம் என்றேன். காரணம் தெரிந்தவன்தானே செய்தவனாக இருக்க முடியும்? அண்ணனின் இடதுகை விரல்கள் இப்போது விறைத்துவிட்டன. காலையில் வெந்நீரில் வைத்துத்தான் மடக்குகிறார். மூன்றாவது ஏற்றத்தில் விரல் தவறியது. மறுபடி வாசித்தார், மறுபடி தவறியது. நடுவில் மின்சாரம் வந்தது. தெரு முழுக்க 'மீ லா பீ!' என்று கத்தல், மின்சாரம் வந்துவிட்டதாம். எல்லா வீட்டிலும் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். அந்த இரைச்சலோடேயே எடுத்து அனுப்பினேன்.

அவள் பதில் எழுதினாள். மரியாதையான பதில். 'ஊலே, நான் உங்களை நம்புகிறேன். கம்பி விஷயத்தை வேறு யாரும் கற்பனை செய்ய முடியாது. நான் சொல்லிப் பார்த்தேன். ஆனால் நீங்களே முதலில் இல்லை என்றீர்கள், உங்கள் பாடகரும் இல்லை என்கிறார். பின்னால் வேறு யாராவது உரிமை கேட்டு வந்தால் சிக்கல் என்று பயப்படுகிறார்கள். என்னை மன்னித்துவிடுங்கள்.'

பிறகு ஆல்பம் வந்தது. அண்ணன் வீட்டில்தான் கேட்டோம். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ட்ரடிஷனல்னா?" என்று அண்ணி கேட்டார்.

"நான் செத்து நூறு வருஷம் ஆச்சுன்னு அர்த்தம்" என்றார் அண்ணன்.

வாசித்தவர் யாரோ வெளிநாட்டுக் கிட்டார்காரர். அவர் பெயர் இருந்தது, முழுப் பெயர். நன்றாக வாசித்திருந்தார். அதை மறுக்க மாட்டேன். முதல் ஏற்றம், இறக்கம். இரண்டாவது ஏற்றம், இறக்கம். மூன்றாவது தடவை இறங்கவில்லை. ஆறு கம்பியும் இருக்கும் மனுஷர், மேலே போனார். பூட்டிய கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், அங்கே நின்று, அந்த உயரமான சுரத்தை நீட்டினார். அதற்குள் வயலின்கள் வந்து சேர்ந்துகொண்டன. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழகாகத்தான் இருந்தது. மற்றப் பாட்டு மாதிரி இருந்தது.

அண்ணன் "சாப்பாடு ஆறுது" என்று எழுந்துவிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். கோபத்தோடு உயிர்வாழ இந்த ஊரில் எல்லோருக்கும் பழக்கம் இருக்கிறது.

போன ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு, சபையில் கிட்டார் வாசிக்கும் ஒருவர் அண்ணனிடம் வந்தார். வங்கியில் வேலை பார்க்கிற ஆள், நல்ல பிள்ளை, பிள்ளைகுட்டிக்காரர். தமிழ் புரியும், பேசுவது பாதி பர்மியம். படத்தின் ஆல்பத்தைக் கேட்டுக் கேட்டு அந்தக் கடைசி இசையைப் பழகிக்கொண்டிருக்கிறாராம். ஓர் இடம் பிடிபடவில்லை என்றார். அங்கிள் அந்தக் காலத்துக் கேசட்டில் வாசித்தவர் என்று யாரோ சொன்னார்களாம். கிட்டாரை அண்ணன் கையில் கொடுத்தார்.

அண்ணன் வாசித்தார். வெயில் ஏறிவிட்டதால் விரல் நன்றாகவே மடங்கியது. முதல் ஏற்றம், இறக்கம். இரண்டாவது, இறக்கம். மூன்றாவது, இறக்கம். பெஞ்சு ஒதுக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்று கேட்டார்கள்.

"அங்கிள், கடைசி தப்பு" என்றார் அவர். வெகு பணிவாக. "அங்கே இறங்கக்கூடாது. மேல போகணும். இருங்க." கைபேசியை எடுத்து அந்த இடத்தை ஓடவிட்டார். வெளிநாட்டுக்காரர் மேலே போனார், வயலின்கள் வந்தன. "பார்த்தீங்களா? ஒரிஜினல்ல இப்படித்தான் இருக்கு."

நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இந்தத் தடவையாவது வாயைத் திறக்கலாம் என்று நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். அவர் ஒரு விரலைத் தூக்கினார். டேப் சுற்றும்போது தூக்குவாரே, அதே மாதிரி. நான் நின்றேன்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றார் அண்ணன், வங்கிக்காரரிடம்.

அவர் போட்டார். அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டார். "இன்னொரு தடவை." அவர் கைபேசியில் விரலால் பின்னால் இழுத்து மறுபடி போட்டார். மூன்றாவது தடவை கேட்டபிறகு அண்ணன் கிட்டாரைச் சரியாக மடியில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து வாசித்தார். கடைசியில் மேலே போனார். அந்தச் சுரத்தை, அந்த வெளிநாட்டுக்காரர் எவ்வளவு நேரம் நீட்டினாரோ அவ்வளவு நேரம் நீட்டினார்.

"சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"அப்படியே இருக்கு அங்கிள்" என்றார் அவர். சந்தோஷத்தில் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஒரு சின்ன வித்தியாசம்கூட இல்ல."